பூங்கொடி அக்கா உழாமல் விட்ட காடு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூங்கொடி அக்கா வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. அறுபதை நெருங்கிய வயது. மறையூரிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து கொல்லங்கோடு பஸ்... விடிகாலையில் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

“பவித்ராவோட அப்பா” என்றார்.

தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முத்தையா என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை அப்படியே தரையில் வைத்தாள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிக்கூட நான் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதுவேன். இந்த வாரம் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி அக்கா என் பெரியப்பா மகள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரள எல்லைக்குள் கல்யாணம் பண்ணிக்கொடுத்தார்கள். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தென்மலை அடிவாரம். எல்லை என்று ஒரு செக்போஸ்ட் இருக்கிறதே தவிர, இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே பண்ணையம். ரேஷன் கார்டு மலையாளத்தில், பங்காளிச் சண்டை கொங்குத் தமிழில்.

எங்கள் பேச்சில் ‘காடு’ என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம். “காட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் களை வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். புலி, யானையெல்லாம் இருக்கிற இடத்துக்கு ‘மலை’ என்று பெயர். அக்காவுக்குத் தென்னந்தோப்பு போக, மலையை ஒட்டி நான்கு ஏக்கர் காடு உண்டு. ஒரு காலத்தில் முழுக்க மாமரம். பூ விட்ட நாளிலிருந்து காய் இறங்குகிற வரைக்கும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, மருந்தடிப்பார். மூக்கில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐம்பது வயதுக்குள் நோய் வந்து போய்விட்டார். மருந்துதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. மாமரங்களை வெட்டி விற்றாள். மறுபடி எதுவும் வைக்கவில்லை.

“மனுசனும் களைச்சுப் போயிட்டாரு, மண்ணும் களைச்சுப் போச்சு அம்மிணி. கொஞ்ச காலம் சும்மா கெடக்கட்டும்” என்றாள் என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலேஜ் பேராசிரியர் வந்தார். மலையை ஒட்டி, உழவை நிறுத்திவிட்ட நிலம் அவருக்கு வேண்டும். அதில் எதுவும் செய்யக் கூடாது. உழக் கூடாது, நடக் கூடாது, ஆடு விடக் கூடாது, ஒரு சுள்ளி பொறுக்கக் கூடாது. மனிதர் கை எடுத்துவிட்டால் மண் தானாக என்ன செய்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

சும்மா விடுவதற்கு ஒரு ஆராய்ச்சியா? நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சரி என்றாள்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் பவித்ரா. ஆராய்ச்சி மாணவி. மறையூர்த் தமிழ்ப் பெண். அப்பா கரும்பு வைத்து, சொந்தக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுகிறவர். கொல்லங்கோட்டில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு தினமும் ஸ்கூட்டரில் வருவாள். முளைத்து வந்த ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் போட்ட சின்ன அலுமினியத் தகடு கட்டுவாள்.

“ஒவ்வொரு செடிக்கும் ஆதார் கார்டு குடுக்கறா பாரு” என்பாள் அக்கா. எட்டரை மணிக்கு அவளுக்குத் தோசை. மகன் பெங்களூரில் இருக்க, அந்தத் தோசை அக்காவுக்கும் தேவைப்பட்டது.

ஒருமுறை பவித்ரா என்னையும் உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். வெட்டாமல் விட்டு, பட்டுப்போய் நின்ற ஒரே ஒரு மாமரம். அதைச் சுற்றி வட்டமாக நாவல், அத்தி, வேம்பு என்று முழங்கால் உயரக் கன்றுகள். யார் நட்டது?

“குருவிங்கதான் மேடம். மேல உக்காந்து எச்சம் போடுது. அதுகளுக்கு உக்கார ஒரு கெளை இருந்தாப் போதும்” என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

ஐந்து வருஷத்தில் அது நிஜமாகவே காடாகிவிட்டது. ஊரில் முன்பும் அதற்குப் பெயர் ‘பூங்கொடி காடு’தான். பெயரை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் செடி வந்தால் செடி மட்டுமா வரும்?

காட்டுப்பன்றி வந்தது. பகலெல்லாம் அந்தப் புதருக்குள் படுத்திருக்கும். இருட்டினால் வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போகும். பக்கத்து நிலம் பழனிச்சாமியுடையது. மாமாவின் சித்தப்பா மகன், அக்காவுக்குக் கொழுந்தன். நிலக்கடலை போடுகிற மனிதர். இரண்டு பெண் குழந்தைகள். மனைவி சரசு.

பழனிச்சாமியைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத முடியாது. போன வருஷம் கடலை பாதி போனது. அதற்கு முந்தின வருஷம் பிடுங்கவே எதுவும் இல்லை. பரண் கட்டி, டின் தட்டி, பட்டாசு போட்டு, இரவு முழுக்க உட்கார்ந்திருந்து பார்த்தார். பகலில் சாப்பிடும்போதே தட்டின் முன்னால் தலை தொங்கிவிடும். பன்றியைச் சுட அனுமதி வாங்கலாம்தான். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறவர் வரவேண்டும். அவர் எப்போதும் வேறெங்காவது இருப்பார்.

“நங்கை, பன்னி உங்க காட்டுல படுக்கறான், என்ற காட்டுல திங்கறான். இது என்னங்க நியாயம்?” என்று என் முன்னாலேயே அக்காவைக் கேட்டிருக்கிறார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

இரண்டு நிலத்துக்கும் நடுவில் சோலார் வேலி போட்டிருந்தால் தீர்ந்தது. சுரீர் என்று ஒரு உதறல் கொடுக்கும், உயிரை எடுக்காது. ஆனால் யார் போடுவது? ஆராய்ச்சித் திட்டத்தில் வேலிக்கு இடமில்லை என்றார்கள் காலேஜில். தனியார் நிலம், நாங்கள் போட முடியாது என்றார்கள் வனத்துறையில். காடு யாருதோ அவங்க போடட்டும் என்றார் பழனிச்சாமி. தோப்புக் கிணறு வற்றிக்கொண்டிருந்ததால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள் அக்கா.

மேப்பில் பச்சையாக ஒரு கோடு போட்டு ‘இது இயற்கைக்கு’ என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே ஒருத்தர் கடலை போட்டிருப்பார் என்பது மேப்பில் தெரிவதில்லை. நான் இருக்கிற கோயமுத்தூரிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரிவதில்லை.

ஒருநாள் வரப்பில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. வாய் இறுகி, மயிர் கருகி. அக்கா நேராகப் பழனிச்சாமி வீட்டுக்குப் போனாள்.

“தம்பி, கம்பி கட்டிக் கரண்டு வுடறீங்களா?”

அவர் மறைக்கவில்லை. மோட்டார் ரூமிலிருந்து இழுத்து, இரவில் போட்டு, விடிவதற்குள் நிறுத்திவிடுவதாகச் சொன்னார்.

“அந்தப் புள்ள நடக்கற வரப்பு தம்பி அது.”

“கழட்டிப் போடறனுங்க நங்கை. சத்தியமா.”

கழற்றியும் விட்டார். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பவித்ராவிடமும் சொல்லி வைத்தாள்.

பிறகு கடலை பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒரே இரவில் ஒரு பாத்தி முழுக்கப் பன்றி புரட்டிப் போட்டது.

இனிச் சொல்லப்போவது நடந்து இரண்டு மாதமிருக்கும். சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக நான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை. மலை விளிம்பு வெளுக்கும் நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பறவைகள் கூவ ஆரம்பிக்கும்போதே கணக்கெடுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தாள். “அம்மா, நான் போறேன்...” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். நான் போர்வைக்குள் திரும்பிப் படுத்தேன்.

வெயில் ஏறியது. தோசைக்கு ஆள் வரவில்லை. அக்கா தேடிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அலறல் கேட்டது. செருப்புப் போடாமல் ஓடினேன்.

பவித்ரா வரப்பிலிருந்து சரிந்து, ஒருக்களித்துக் கிடந்தாள். கழுத்தில் பைனாகுலர். அவளுக்கு நாலடி தள்ளிப் பழனிச்சாமி நின்றார். முழங்கைக்கும் கட்டை விரலுக்குமாக, நூல் சுற்றுவதைப் போல, கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா வந்தது தெரிந்தது, நான் வந்தது தெரிந்தது... கை நிற்கவே இல்லை. அவர் கைக்கு அவர் சொல்வது கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

“தம்பி, கம்பியக் கீழ போடு!” என்று அக்கா கத்தினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ‘போடு’ என்றாள். அப்புறம்தான் அந்தக் கை நின்றது.

நாங்கள் பவித்ராவைத் திருப்பி மடியில் போட்டோம். உடம்பு குளிர்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகு நேரம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் பங்காளிகள் வந்துவிட்டார்கள். அக்காவைச் சமையலறைக்குள் கூட்டிப் போய் வைத்துக்கொண்டு பேசினார்கள். பாம்பு கடித்தது என்று சொல்லலாம். லைன் கம்பி அறுந்து விழுந்தது என்று சொல்லலாம். எதுவுமே பார்க்கவில்லை என்று சொன்னால்கூடப் போதும்.

“அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது பூங்கொடி. நாளைக்கு அதுகளை யாரு கட்டுவாங்க?” என்றார் மூத்த பங்காளி ஒருவர்.

“வெளிய கெடக்கறதும் ஒருத்தரு பெத்த புள்ளைதானுங்க” என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ கோயமுத்தூர்க்காரி. இன்னிக்கு இருப்ப, நாளைக்குப் போயிருவ. அவ இங்க இருக்கோணும். நீயே எடுத்துச் சொல்லு.”

நான் என்ன எடுத்துச் சொல்ல? நானும் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டேனே.

எஸ்.ஐ. மலையாளத்தில் கேட்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முற்றத்தில் நிற்க, அக்கா மலையாளத்திலேயே பதில் சொன்னாள். “ஞான் கண்டதாணு சாரே.” நான் கண்ணால் பார்த்தது சார். யார் கையில் கம்பி இருந்தது என்பதையும் பெயரோடு சொன்னாள். அடுத்து நான் சொன்னேன்.

பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து அக்கா வீட்டுப்படியை மாமா வழி உறவு என்று ஒருவரும் மிதிக்கவில்லை. கிணறு கூட்டுக் கிணறு. முறைத்தண்ணீர் அவள் தோப்புக்கு மட்டும் எப்படியோ நின்றுபோகிறது. கல்யாணப் பத்திரிகை எதிர் வீட்டுக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்கு வருகிறது. பேராசிரியர் ஒருமுறை வந்தார். கேமராக்களையும் மழைமானியையும் கழற்றி வண்டியில் ஏற்றினார். இனிமேல் மாணவர்களை இங்கே அனுப்ப வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்த மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

ஆராய்ச்சி போய்விட்டது. நிலம் இருக்கிறது. தகடுகள் இருக்கின்றன. பன்றியும் இருக்கிறது.

அக்கா தனியாகக் கிடக்கிறாளே என்று இப்போது நான் மாதத்தில் பாதி நாள் அங்கேதான். அப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை முத்தையா வந்து நின்றார். மகள் இறந்த அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, உடலைக் கொடுத்து, அங்கிருந்தே அனுப்பிவிட்டார்கள். மகள் விழுந்த இடத்தை அவர் பார்த்திருக்கவில்லை.

சாப்பிடச் சொன்னோம். வேண்டாம் என்றார். மூன்று பேரும் நடந்தோம். அந்த வரப்பில் கொஞ்ச நேரம் நின்றார்.

“இங்கனதானாம்மா?”

“ஆமாங்க.”

குனிந்து மண்ணைத் தொடுவார், உடைந்து அழுவார் என்றெல்லாம் நினைத்து அக்கா அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் காட்டைப் பார்த்தார். உள்ளே நடந்தார். ஒரு நாவல் கன்று அவர் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. அதில் கட்டியிருந்த தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“எங்க ஊர்ல காடுன்னா கேஸும்மா. சந்தன மரம் நிக்கிற எடம். அந்தப் பக்கம் மாடு தேடிப் போனாக்கூட என்ன ஏதுன்னு கேப்பாங்க. காட்டுப் படிப்பெல்லாம் வேணாம்னு சொன்னேன். ‘அப்பா, இது கேஸு இல்லப்பா, படிப்பு’ன்னு சிரிச்சுச்சு எம்புள்ள...” என்றார்.

அக்கா இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நாளைக்கே டிராக்டர் வுட்டு உழுதுடறேன். ஒரு செடி இல்லாமப் பண்ணிடறேன். இதனாலதானுங்க எல்லாம்.”

அவர் தகட்டைக் கையிலிருந்து விட்டார். “எனக்குச் சொல்லத் தெரியலம்மா” என்றார். “தெரிஞ்சவ போயிட்டா.”

திரும்பும்போது கேட்டார். “அந்த ஆளு வீடு எது?”

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். அவர் நேராக நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

சரசு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். யார் என்று யாரும் சொல்லவில்லை, எப்படியோ புரிந்துவிட்டது. ஈரக் கையோடு வந்து அவர் காலில் விழுந்தாள். குழந்தைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால்.

“எந்திரிம்மா” என்றார் அவர். “நான் சண்டை போட வரல. உங்க வீட்டுக்காரரைப் பாக்க ஜெயிலுக்குப் போவீங்கள்ல? ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. கம்பியப் போட்டுட்டு அவரு எப்படி உறங்குனாரு? எனக்கு ரெண்டு மாசமா உறக்கம் வரல. அவருக்கு அன்னிக்கு எப்படி வந்துச்சு?”

சரசு அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அக்கா தேங்காயாவது எடுத்துப் போங்கள் என்று பின்னால் ஓடிப்போய்ப் பையில் போட்டாள். வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை சரசு ஜெயிலுக்குப் போனாள். வியாழக்கிழமை காலையில் எங்கள் கேட் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்தக் கேட்டைத் திறந்த பங்காளி வீட்டு ஆள் — சரசு! உள்ளே வரவில்லை. அங்கேயே நின்றாள்.

“நங்கை... கேட்டனுங்க.”

“என்ன சொன்னான்?”

“அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்கினாராமுங்க. பன்னிக்குப் பயந்து எத்தனையோ நாளாத் தூங்காம இருந்தவரு... கம்பி இருக்குது, இனிப் பயமில்லைன்னு படுத்தாராமாம். விடியறதுக்குள்ள எந்திரிச்சு நிறுத்தோணும்னுதான் படுத்தாராமாம். கண்ணு முழிக்கறப்பவே வெயிலு வந்துருச்சுங்களாம்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். டீ போட்டது நான். போகும்போது சரசு, “உழுதுடாதீங்க நங்கை. அந்தப் புள்ள கட்டுன தகடெல்லாம் இருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

அக்கா உழப்போவதில்லை. தென்னையில் நான்கு மரத்தை வெட்டக் கொடுத்துவிட்டு, இரண்டு நிலத்துக்கும் நடுவில் சோலார் வேலி போட ஆள் சொல்லியிருக்கிறாள். இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று. எல்லோரும் சொல்வது சரிதான். சரியானதைச் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது... ஒருத்தி செத்த பிறகு.

முத்தையாவின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. சரசு கொண்டுவந்த பதிலை அவரிடம் சொல்ல வேண்டும். மூன்று நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நன்றாகத் தூங்கினாராம் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வீர்கள், நீங்கள்?